ஓயாத பெட்டியின் கணக்கு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாறு வரை சாலை சாதுவாகத்தான் வருகிறது. அதற்குப் பிறகு 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் காற்றின் சூடு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி. தேயிலைத் தோட்டம், மூடுபனி, தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள். நகரவாசிகள் இங்கே ஏறி வருவது குளிருக்காக. ஆனால் குளிர் இலவசமாகக் கிடைக்கும் இந்த மலையிலும், வீடுகளின் சமையலறை மூலையில் ஒரு பெட்டி காசு கொடுத்துக் குளிரை வாங்கிக்கொண்டிருக்கிறது. அதுதான் ஃபிரிட்ஜ்.

வீட்டிலுள்ள மின்சாதனங்களில் இதற்கு ஒரு தனிக் குணம் உண்டு. விளக்கை அணைக்கலாம். மின்விசிறியை நிறுத்தலாம். டி.வி.யை மூடிவிட்டுத் தூங்கலாம். ஃபிரிட்ஜுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆண்டுக்கு 8,760 மணி நேரமும் அது சுவிட்சில்தான் இருக்கிறது. அதனால் அது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழுகிறது. சரியான பதில் மட்டும் பல வீடுகளில் இல்லை.

பலர் போடும் கணக்கு இதுதான். பின்பக்கத் தகட்டில் 150 வாட் என்று போட்டிருக்கிறது. 24 மணி நேரத்துக்கு 3.6 யூனிட். மாதத்துக்கு 108 யூனிட். நெஞ்சை அடைக்கும் கணக்கு. நல்லவேளையாகத் தவறான கணக்கு. கம்ப்ரஸர் எப்போதும் ஓடுவதில்லை. உள்ளே தேவையான குளிர் வந்ததும் தெர்மோஸ்டாட் அதை நிறுத்துகிறது; சூடு ஏறினால் மறுபடி ஓட்டுகிறது. சாதாரணமாக ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி நேரம் வரைதான் ஓட்டம். 40 சதவீத நேரம் ஓடினால் அதே 150 வாட் பெட்டி நாளுக்கு 1.44 யூனிட், மாதத்துக்கு 43 யூனிட். இதுவும் பழைய பெட்டியின் கணக்குதான். இன்றைய சிறிய ஒற்றைக் கதவுப் பெட்டி மாதத்துக்கு 15 முதல் 20 யூனிட்டுக்குள் முடித்துவிடுகிறது. தானாகப் பனி நீக்கும் நடுத்தர அளவுப் பெட்டி 20 முதல் 30 யூனிட் வரை எடுக்கலாம்.

ஆக, ஒரு ஃபிரிட்ஜின் மாதச் செலவு 15 யூனிட்டாகவும் இருக்கலாம், 45 யூனிட்டாகவும் இருக்கலாம். இந்த இடைவெளிக்குக் காரணம் பெட்டி மட்டும் அல்ல. அது நிற்கும் இடம், அதைச் சுற்றியுள்ள காற்று, அந்த வீட்டின் மொத்தக் கரண்ட் பில் ஆகிய மூன்றும் சேர்ந்தே விலையைத் தீர்மானிக்கின்றன. பொன்முடியிலிருந்து பார்த்தால் இந்த மூன்றும் தெளிவாகத் தெரியும்.

மலை தரும் தள்ளுபடி

முதலில் காற்று. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொது விதி. கடற்கரையில் வலியதுறைப் பக்கம் 32 டிகிரி என்றால் பொன்முடியில் 25 டிகிரி அளவில் இருக்கும். ஃபிரிட்ஜ் குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே இறைத்துக் கொட்டுகிறது. ஓட்டைப் படகிலிருந்து தண்ணீர் இறைப்பது போல. வெளிச் சூடு சுவர் வழியாகவும் கதவு வழியாகவும் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். கம்ப்ரஸர் அதை இறைத்துக்கொண்டே இருக்கும்.

கசிவின் வேகம் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. உள்ளே 4 டிகிரி என்றால் கடற்கரையில் வித்தியாசம் 28 டிகிரி. பொன்முடியில் 21 டிகிரிதான். கசிவு நான்கில் ஒரு பங்கு குறைகிறது. ஐஸ் அறையில் மைனஸ் 15 டிகிரி என்பதால் அங்கே குறைவு அவ்வளவு இல்லை, 15 சதவீதம்தான். ஆனால் இறைத்த சூட்டைக் குளிர்ந்த காற்றில் கொட்டுவது சூடான காற்றில் கொட்டுவதைவிட எளிது. கம்ப்ரஸரின் உழைப்பு அதனாலும் மிச்சம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கடற்கரையில் மாதம் 25 யூனிட் எடுக்கும் பெட்டி, பொன்முடியில் 19 யூனிட் அளவில் முடிக்கும். பெட்டியும் அதேதான், கம்பெனியும் அதேதான். மலை நாலில் ஒரு பங்கு தள்ளுபடி கொடுக்கிறது.

இதே விதி வீட்டுக்குள்ளும் செல்லும். விறகடுப்புக்குப் பக்கத்தில், மேற்கு வெயில் விழும் சுவரோரத்தில், பின்பக்கம் சுவரோடு ஒட்டி வைத்த ஃபிரிட்ஜுக்கு வெளி வெப்பநிலை 25 டிகிரி அல்ல. அந்த மூலையின் வெப்பநிலை என்னவோ அதுதான். மலையில் குடியிருந்துகொண்டு கடற்கரை பில் கட்டும் வீடுகள் இப்படித்தான் உருவாகின்றன. பெட்டிக்குப் பின்னால் ஒரு சாண் இடம் விட்டால் மலைக் காற்று தன் வேலையைச் செய்யும்.

படிக்கட்டும் பள்ளமும்

அடுத்து பில். ஒரு யூனிட் என்ன விலை என்று கேட்டால் கேரளத்தில் ஒரே பதில் கிடைக்காது. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2023 நவம்பரில் நிர்ணயித்த வீட்டுக் கட்டணத்தில் மாதத்தின் முதல் 50 யூனிட்டுக்கு யூனிட் 3 ரூபாய் 25 காசு. அடுத்த 50க்கு 4 ரூபாய் 5 காசு. அதற்கடுத்த 50க்கு 5 ரூபாய் 10 காசு. பிறகு 6 ரூபாய் 95 காசு, 8 ரூபாய் 20 காசு என்று 250 யூனிட் வரை படிப்படியாக ஏறியது. 2024 டிசம்பரில் கட்டணம் மீண்டும் சற்று உயர்ந்தது. படிக்கட்டின் வடிவம் மாறவில்லை; இங்குள்ள கணக்குகள் 2023 நவம்பர் கட்டணப்படி. நிலையான கட்டணமும் வரியும் சர்சார்ஜும் தனி.

ஃபிரிட்ஜின் யூனிட்டுகளை இந்தப் படிக்கட்டில் எந்தப் படியில் வைப்பது? அதில்தான் சூட்சுமம். விளக்கும் மின்விசிறியும் இல்லாமல் வீடு இல்லை. எனவே புதிதாக வீட்டுக்குள் வரும் ஃபிரிட்ஜ் எப்போதும் மேல் படியில்தான் போய் உட்காருகிறது. மாதம் 70 யூனிட் எரிக்கும் வீட்டில் 30 யூனிட் ஃபிரிட்ஜ் நுழைந்தால் மொத்தம் 100. கூடுதல் செலவு 121 ரூபாய் 50 காசு. யூனிட் 4 ரூபாய் 5 காசு. தாங்கக்கூடியதுதான்.

இப்போது 240 யூனிட் எரிக்கும் வீட்டைப் பார்க்கலாம். ஏ.சி. ஒன்று, வாட்டர் ஹீட்டர் ஒன்று, மிக்ஸி, கிரைண்டர், நாலு மின்விசிறி. நகரத்து நடுத்தர வீடு. அந்த 240 யூனிட்டுக்கு மின் கட்டணம் 1,295 ரூபாய் 50 காசு. அதே 30 யூனிட் ஃபிரிட்ஜ் இங்கே நுழைந்தால் மொத்தம் 270. ஆனால் 250ஐத் தாண்டிய வீட்டுக்குப் படிக்கட்டே கிடையாது. முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை ஒரே விலை. 300 யூனிட் வரை எரிப்பவர்களுக்கு 6 ரூபாய் 40 காசு. 270 யூனிட்டுக்கு 1,728 ரூபாய். ஆக இந்த வீட்டில் ஃபிரிட்ஜின் மாதச் செலவு 432 ரூபாய் 50 காசு. யூனிட்டுக்கு 14 ரூபாய்க்கு மேல். அப்படி ஒரு விலை கட்டண அட்டவணையில் எங்குமே இல்லை. ஆனால் பாக்கெட்டிலிருந்து போவது அதுதான்.

படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தவர் திடீரென்று பள்ளத்தில் விழுவது போன்றது இது. 250 யூனிட்டுக்குக் கட்டணம் 1,377 ரூபாய் 50 காசு. 251 யூனிட்டுக்கு 1,606 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை சுமார் 229 ரூபாய். கேரளத்தில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் எல்லை 500 யூனிட். மீட்டரைப் பார்க்கும் பழக்கம் இல்லாத வீட்டில் இந்தப் பள்ளம் பில் வந்த பிறகுதான் தெரியும். திட்டு விழுவது வாட்டர் ஹீட்டருக்கோ ஏ.சி.க்கோ. இரவு பகலாக ஓடிய ஃபிரிட்ஜ் மூலையில் அப்பாவியாக நிற்கும்.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு பள்ளம் இருந்தது. 2016 மே மாதத்தில் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு சிறிய ஃபிரிட்ஜின் இரண்டு மாதச் செலவு அந்த நூறுக்குள் ஒளிந்துகொண்டது. ஃபிரிட்ஜுக்குச் செலவே இல்லை என்ற நினைப்பு பல வீடுகளில் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளின் விலை 2 ரூபாய் 25 காசிலிருந்து 4 ரூபாய் 50 காசாகிவிடும். எல்லையைத் தாண்டிய குற்றத்துக்கு 225 ரூபாய்.

நாற்பதாவது யூனிட்

பணக்கார வீட்டுக்கு 250 என்றால் ஏழை வீட்டுக்கு எல்லை 40. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பம், வீட்டின் இணைப்புப் பளு 1,000 வாட்டுக்குள், மாதச் செலவு 40 யூனிட்டுக்குள் என்றால் கேரளத்தில் யூனிட் 1 ரூபாய் 50 காசுதான். நல்ல சலுகை. ஆனால் 40ஐத் தாண்டினால் சலுகை முழுவதுமாகப் போய்விடும்; முதல் யூனிட்டிலிருந்தே சாதாரணக் கட்டணம்.

இங்கேதான் மலையின் தள்ளுபடி வெறும் சுவாரஸ்யத் தகவலாக இல்லாமல் சோற்றுப் பிரச்சினையாகிறது. ஒரு கணக்குக்காக இரண்டு ஏழை வீடுகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று பொன்முடியில், இன்னொன்று கடலோரத்தில். இரண்டிலும் விளக்கு, டி.வி., செல்போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து மாதம் 20 யூனிட். கட்டணம் 30 ரூபாய். இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி சிறிய ஃபிரிட்ஜ் வருகிறது. பொன்முடியில் அது 19 யூனிட் எடுக்கிறது. மொத்தம் 39. கட்டணம் 58 ரூபாய் 50 காசு. கடலோரத்தில் 25 யூனிட் எடுக்கிறது. மொத்தம் 45. சலுகை போயிற்று, 45 யூனிட்டும் 3 ரூபாய் 25 காசு வீதம் 146 ரூபாய் 25 காசு. மலை வீட்டில் ஃபிரிட்ஜின் விலை மாதம் 28 ரூபாய் 50 காசு. கடல் வீட்டில் 116 ரூபாய் 25 காசு. ஒரே பெட்டிக்கு நாலு மடங்கு வித்தியாசம். கடலோரத்தில் மின்விசிறி இல்லாமல் தூங்கவும் முடியாது; 75 வாட் விசிறி நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் அதுவே மாதம் 22 யூனிட். நாற்பதுக்குள் ஃபிரிட்ஜும் விசிறியும் சேர்ந்து நிற்க இடமில்லை.

பொன்முடி வீடும் நிம்மதியாக இருக்க முடியாது. 39 என்பது விளிம்பு. கதவின் ரப்பர் பட்டை கொஞ்சம் கிழிந்தாலோ, ஐஸ் அறையில் பனி விரலளவு படர்ந்தாலோ இரண்டு யூனிட் கூடும். 41க்குப் போனால் 133 ரூபாய். இரண்டு யூனிட்டுக்குக் கொடுத்த விலை 74 ரூபாய் 75 காசு.

ஏழை வீட்டுக்கு எந்த ஃபிரிட்ஜ் வருகிறது என்பதும் இந்தக் கதையின் ஒரு பகுதி. புதுப் பெட்டிக்குக் குறைந்தது பத்து, பதினைந்தாயிரம் ரூபாய் வேண்டும். அதனால் வருவது செகண்ட் ஹேண்ட். நகரத்து வீட்டில் 12 வருஷம் உழைத்து, ரப்பர் தளர்ந்து, கம்ப்ரஸர் களைத்த பெட்டி மூவாயிரம், நாலாயிரத்துக்குக் கிடைக்கிறது. வாங்கும்போது மலிவு, ஓட்டும்போது விலை. புதுப் பெட்டி வாங்கிய வசதியான வீடு மாதம் 18 யூனிட் எரிக்கும். அந்த வீடு தள்ளிவிட்ட பழைய பெட்டியை வாங்கிய ஏழை வீடு 36 யூனிட் எரிக்கும்.

நட்சத்திரங்களின் வேலை

ஃபிரிட்ஜ் எப்போதும் இவ்வளவு தின்றாக வேண்டும் என்று விதி இல்லை. இதற்கு உலகத்தில் நல்ல உதாரணம் அமெரிக்கா. 1970களின் நடுவில் அங்கே சராசரி ஃபிரிட்ஜ் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,800 யூனிட் எடுத்தது. கலிபோர்னியா மாநிலம், இவ்வளவுக்கு மேல் எடுக்கும் பெட்டியை விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. பிறகு நாடு முழுவதும் விதி வந்தது. இந்த மாற்றத்துக்காகக் கடைசி வரை வாதாடியவர்களில் முக்கியமானவர் இயற்பியலாளர் ஆர்தர் ரோசன்ஃபெல்ட். பெட்டியின் கொள்ளளவு கூடியது. மின்செலவு மட்டும் சுமார் 500 யூனிட்டுக்கு இறங்கியது. பெரிய விஞ்ஞானப் புரட்சி எதுவும் நடக்கவில்லை. நல்ல வெப்பக்காப்பு, நல்ல கம்ப்ரஸர், இறுக்கமான கதவு, அவ்வளவுதான். கேட்காதவரை கம்பெனிகள் செய்யவில்லை, கேட்டதும் செய்தன.

இந்தியாவில் முதல் உள்நாட்டு ஃபிரிட்ஜை 1958ல் கோத்ரெஜ் தயாரித்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்குப் பெட்டி எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்பது வாங்குபவருக்குத் தெரியாத ரகசியம். 2001ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. 2002ல் எரிசக்தித் திறன் செயலகம் அமைந்தது. 2006ல் நட்சத்திர முத்திரை அறிமுகமானது. 2010 முதல் தானாகப் பனி நீக்கும் ஃபிரிட்ஜுகளுக்கு அது கட்டாயம். குளிரூட்டும் வாயுவிலும் மாற்றம் வந்தது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் சி.எஃப்.சி.யைக் கைவிட 1987ல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவானது. இந்தியா 1992ல் சேர்ந்தது. 2010 தொடக்கத்தில் சி.எஃப்.சி. உற்பத்தி முடிவுக்கு வந்தது.

முத்திரையைப் பார்ப்பவர்கள் நட்சத்திரத்தை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது கீழே அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட் எண்ணிக்கையை. நட்சத்திரம் என்பது அந்த அளவுப் பெட்டிகளுக்குள் நடக்கும் போட்டியின் மதிப்பெண். பெரிய பெட்டியின் ஐந்து நட்சத்திரம், சிறிய பெட்டியின் மூன்று நட்சத்திரத்தைவிட அதிக மின்சாரம் எடுக்கக்கூடும். தவிர, மதிப்பெண் போடும் அளவுகோலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்குகிறார்கள். பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைக்கு மூன்றாகக் குறையலாம். முத்திரையில் எந்த ஆண்டு என்று பார்ப்பது அவசியம். இன்னொன்று, அந்த எண்ணிக்கை ஆய்வுக்கூடத்தில், கதவைத் திறக்காமல் எடுத்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதற்கு மேல் கொஞ்சம் ஆகும்.

மாற்றலாமா, வேண்டாமா

பழைய 36 யூனிட் பெட்டியைத் தூக்கிவிட்டு 18 யூனிட் புதுப் பெட்டி வாங்கினால் லாபமா? கடைக்காரர் ஆமாம் என்பார். கணக்கு அவ்வளவு அவசரப்படவில்லை. 100 யூனிட்டுக்குள் எரிக்கும் வீட்டில், இரண்டாவது படியில், 18 யூனிட் மிச்சம் என்றால் மாதம் 73 ரூபாய், ஆண்டுக்கு 875 ரூபாய். 15,000 ரூபாய் பெட்டியின் விலையை எடுக்க 17 ஆண்டுகள். அதற்குள் புதுப் பெட்டியும் பழைய பெட்டியாகிவிடும். 8 ரூபாய் 20 காசு படியில் நிற்கும் வீட்டில்கூட எட்டரை ஆண்டுகள் ஆகும்.

ஆனால் 265 யூனிட் எரிக்கும் வீட்டுக்குக் கணக்கே வேறு. பெட்டியை மாற்றினால் மொத்தம் 247. பள்ளத்திலிருந்து மேலே ஏறிவிட்டார்கள். கட்டணம் 1,696 ரூபாயிலிருந்து 1,352 ரூபாய் 90 காசாகக் குறைகிறது. மாதம் 343 ரூபாய் மிச்சம். நாலு ஆண்டுக்குள் பெட்டியின் விலை திரும்பிவிடும். அதாவது ஃபிரிட்ஜை மாற்றலாமா என்பதற்கு விடை ஃபிரிட்ஜில் இல்லை, பில்லில் இருக்கிறது. விளிம்பில் நிற்பவர் மாற்றலாம். மற்றவர் முதலில் ரப்பரை மாற்றலாம்.

ரப்பரைச் சோதிக்க ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் தடையில்லாமல் வந்துவிடக் கூடாது. வந்தால் பட்டை தளர்ந்திருக்கிறது. அந்த வழியாகக் காற்றும் வரும். பொன்முடி போன்ற மழை இடங்களில் பட்டையின் மடிப்பில் பூஞ்சை பிடிக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்தால் மறுபடி ஒட்டும். ஐஸ் அறையில் அரை சென்டிமீட்டருக்கு மேல் பனி படிந்தால் அது குளிருக்குப் போட்ட கம்பளி, கரைத்துவிட வேண்டும். உள்ளே 4 டிகிரி போதும். மலைக் காற்றில் தெர்மோஸ்டாட்டை ஐந்தில் வைக்கத் தேவையில்லை. இரண்டிலேயே வேலை நடக்கும். கொதிக்கும் மீன் குழம்பை அப்படியே உள்ளே வைத்தால் அதன் சூட்டை இறைக்கும் கூலியும் பில்லில்தான் ஏறும். ஆற வைத்து வைக்கலாம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடுவதும் ஆபத்து.

ஸ்டெபிலைசரும் சும்மா நிற்பதில்லை. 5 முதல் 10 வாட் வரை அது தானே தின்றால் மாதம் 4 முதல் 7 யூனிட். வோல்டேஜ் ஏறி இறங்கும் கடைக்கோடி லைனில் அது தேவைதான். வோல்டேஜ் சீராக உள்ள இடத்தில், குறைந்த வோல்டேஜையும் தாங்கும் புதுப் பெட்டிக்கு அது வீண் காவல்காரன்.

இரவில் ஃபிரிட்ஜை அணைத்துவைத்தால் மிச்சம் என்பது பல வீடுகளில் உலவும் யோசனை. மிச்சம் உண்டு, ஆனால் சொற்பம். அணைத்த நேரத்தில் உள்ளே புகுந்த சூட்டைக் காலையில் சேர்த்து வைத்து இறைக்க வேண்டியிருக்கும். மூடிய கதவு நாலு மணி நேரம் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் 5 டிகிரியைத் தாண்டிய உள்ளறையில் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். கெட்டுப்போன ஒரு கிலோ மீனின் விலையில் ஃபிரிட்ஜை ஒரு மாதம் ஓட்டலாம். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்தால் செய்ய வேண்டியது ஒன்றே: கதவைத் திறக்காமல் இருப்பது.

தன் பெட்டி எவ்வளவு எடுக்கிறது என்று தெரிந்துகொள்ள வல்லுநர் வர வேண்டியதில்லை. இரவு 10 மணிக்கு மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலை 6 மணிக்கு மறுபடி குறிக்க வேண்டும். வித்தியாசத்தை மூன்றால் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு. பகல் சூட்டுக்கும் கதவு திறப்புக்கும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டு பொன்முடிகள்

கேரளத்தில் பொன்முடி என்ற பெயரில் இன்னோர் இடமும் உண்டு. இடுக்கி மாவட்டத்தில், பன்னியாற்றின் குறுக்கே 1960களின் தொடக்கத்தில் கட்டிய அணை. அதன் தண்ணீர் வெள்ளத்தூவலில் உள்ள பன்னியாறு மின்நிலையத்தை ஓட்டுகிறது. நிலையத்தின் தொடக்கத் திறன் 30 மெகாவாட். இரவும் பகலும் முழுத் திறனில் ஓடினாலும் ஒரு நாளுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் யூனிட். நாளுக்கு ஒரு யூனிட் எடுக்கும் 7 லட்சத்து 20 ஆயிரம் ஃபிரிட்ஜுகள் அந்த நிலையத்தை மொத்தமாக விழுங்கிவிடும். ஓர் ஆறு, ஓர் அணை, ஒரு மின்நிலையம், எல்லாம் பாலும் மாவும் புளிக்காமல் இருக்க. அந்த மின்சாரம் ரூபாயில் மட்டும் விலை கேட்பதில்லை. 2007 செப்டம்பரில் பன்னியாறு நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் ராட்சதக் குழாய் வெடித்தபோது உயிர்களும் போயின.

1940ல் பள்ளிவாசலில் தொடங்கி, 1976ல் திறக்கப்பட்ட 780 மெகாவாட் இடுக்கி வரை, கேரளம் தண்ணீரை நம்பி விளக்கேற்றிய மாநிலம். 2024 கோடையில் அதன் உச்சத் தேவை 5,800 மெகாவாட்டைத் தொட்டது. சொந்த ஆறுகள் அதற்குப் போதாது. பெரும்பகுதி வெளியிலிருந்து விலைக்கு வருகிறது. மாநில மின்வாரியம் விற்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி வீடுகளுக்குத்தான் போகிறது. 250க்கு மேல் பள்ளம் வெட்டியதற்கு வாரியத்திடம் நியாயம் இருக்கிறது. நிறைய எரிப்பவர் நிறையக் கொடுக்கட்டும் என்பதில் தவறில்லை.

நாற்பதாவது யூனிட்டில் வெட்டிய பள்ளத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்திய வீடுகளில் 38 சதவீதத்தில்தான் ஃபிரிட்ஜ் இருந்தது. கேரளத்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இருந்தது. இங்கே அது ஆடம்பரப் பொருளாக இருந்த காலம் போய்விட்டது. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது ஒரு வேளைச் சமையலை மிச்சப்படுத்தும் கருவி. இன்சுலின் ஊசி போடும் முதியவருக்கு மருந்துப் பெட்டி. சலுகை எல்லையை வகுத்த கணக்கில் இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் ஒரு டி.வி.யும் அடங்குகின்றன, ஃபிரிட்ஜ் அடங்கவில்லை.

எல்லையை 60 ஆக உயர்த்தலாம். அல்லது நாற்பதைத் தாண்டியவருக்கு முதல் நாற்பதின் சலுகையை விட்டுவைத்து, மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் சாதாரண விலை போடலாம். அப்படிப் போட்டால் கடலோர வீட்டின் 45 யூனிட்டுக்கு 76 ரூபாய் 25 காசுதான் ஆகும். பொன்முடியின் குளிரைக் கடலோரத்துக்குக் கொண்டுபோக யாராலும் முடியாது. கட்டண அட்டவணையைத் திருத்த ஒரு பேனா போதும்.